சிவப்புக்குப் பின் ஒரு காய்

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த கடிதத்தை மூன்றாவது முறை படித்துவிட்டுத் துர்கா கணினியை அணைத்தாள். போன வார அத்தியாயத்தில் அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். அது வெள்ளிக்கிழமை. இன்று சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்குப் பட்டியல் வெளியாகிவிடும்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை.

வீரமுத்து விழுப்புரம் – திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர். அவர் மனைவி அஞ்சம்மாள் ஐந்து வருடத்துக்கு முன்னால், 2013-இல், ஒரு சனிக்கிழமை மத்தியானம் நெஞ்சுவலியில் இறந்துபோனாள். வீட்டில் தனியாக இருந்தவள் மகன் அருளுக்குப் பதினோரு முறை போன் அடித்தாள். அவன் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் ஒரு பிரௌசிங் சென்டரில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத யாரோ ஒருவனோடு கம்ப்யூட்டரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். காரியம் முடிந்த அன்று வீரமுத்து எல்லார் எதிரிலும் மகனைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"இனிமே எம் மூஞ்சில முழிக்காத."

துர்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்துவிட்டாள். அருள் படிப்பை விட்டுவிட்டு ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தான். துர்கா தினமும் ரயிலில் விழுப்புரம் போகிறாள். கிழக்கு பாண்டி ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய அலுவலகம். எட்டுப் பேர் சேர்ந்து 'பலகை' என்ற ஆட்டத்தை நடத்துகிறார்கள். போனில் இரண்டு பேர் எதிரெதிராக ஆடும் கேரம். யார் எத்தனையாவது ஆட்டக்காரர் என்று எண் போட்டு வரிசைப்படுத்தும் வேலை முழுக்கத் துர்காவுடையது.

"அந்த எழவு ஆட்டத்துக்கே வேலைக்குப் போறியா?" என்று அப்பா அப்போது கேட்டார்.

இந்த சீசனில் முதல் எட்டு இடத்தில் வருகிறவர்கள் புதுச்சேரியில் மேடையில் உட்கார்ந்து ஆடப்போகிறார்கள். எட்டாவது இடத்தில் நிற்பவன் அருள்.

ஒன்பதாவது இடத்தில் நிற்பவள்தான் கடிதம் எழுதியவள்.

* * *

காலையில் துர்கா குளித்துவிட்டு வந்தபோது அருள் தரையில் போர்வையை விரித்து ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, காலர்ல சுருக்கம் போவ மாட்டேங்குது பாரேன்."

"லிஸ்ட் ஆறு மணிக்குத்தான வருது. அதுக்கு இப்பவே சட்டையா?"

"லிஸ்ட்டுக்கு இல்லக்கா." அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "ஆறு அம்பதுக்கு அப்பா பஸ்ஸு திண்டிவனம் வரும். இருவது நிமிஷம் நிக்கும். லிஸ்ட்ட காட்டிட்டு வந்துடறேன்."

துர்கா தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள்.

"பேசுவாரா?"

"பேச வாணாம். பாத்தா போதும். ஆட்டம் ஆடி ஆடிதான நாசமாப் போனேன்னு சொன்னாரு? அதே ஆட்டத்துல எட்டாவது ஆளா வந்திருக்கேன்னு காட்டணும். ஜன்னல் வழியா குடுத்துட்டு வந்துடுவேன். ஏறக்கூட மாட்டேன்."

ஐந்து வருடத்தில் அவன் இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தூர தேசத்துக் கதைகளில் குளிர்காலம் முடிந்து ஜன்னலைத் திறக்கிறவர்களின் முகத்தில் விழுமே, அந்த மாதிரி. அதைப் பார்க்கத் துர்காவால் முடியவில்லை. சீப்பைத் தேடுவதுபோல் உள்ளே போனாள்.

"இன்னாக்கா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குற?"

"ரயிலுக்கு நேரமாச்சுடா."

"போ போ. சாயந்திரம் ஜல்தியா வந்துடு. நீ இல்லாம நான் லிஸ்ட்ட தொறக்க மாட்டேன்."

* * *

கடிதம் இதுதான்.

'வணக்கம். என் பேர் அஸ்வினி. எங்க அப்பா கடல்லேருந்து வந்த பிறகுதான் போன் என் கைக்கு வரும். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஆடுவேன். ஒன்பதாவது இடத்துல இருக்கேன். எட்டாவது ஆள்கிட்ட ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தோக்குறார். அவர் என்னோட ஆடும்போது அப்படித் தோக்கறதே இல்ல. தயவுசெஞ்சு பாருங்க. நான் தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சுக்குங்க.'

அந்தக் கடைசி வரிதான் துர்காவைக் குத்தியது. நியாயம் கேட்கிறவள் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பலகையில் எல்லோரும் ஆயிரத்து ஐந்நூறு புள்ளியில் தொடங்குவார்கள். தன்னைவிடப் பெரிய எண் உள்ளவரை வென்றால் நிறையக் கிடைக்கும். சின்ன எண் உள்ளவரை வென்றால் ஏதோ கொஞ்சம். ஒருவர் இழப்பது அப்படியே எதிராளிக்குப் போகும். நாள் முழுக்க ஆடுகிறவனும் இரண்டு மணி நேரம் ஆடுகிறவளும் ஒரே அளவுகோலில் நிற்க வேண்டும் என்பதற்காக, அதிகம் ஆடியதற்கென்று துர்கா ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. புள்ளிக்காக யாரோடு ஆடுவது என்பதையும் இயந்திரமே முடிவு செய்யும். தோற்றவன் தன் எண்ணைப் பார்த்து 'சரிதான்' என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அது வரிசை என்பது அவள் கொள்கை.

ஒரே ஒரு இடத்தில் அவள் வளைந்துகொடுத்திருந்தாள்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அருள் வாசற்படியில் சாய்ந்து நின்றான். "அக்கா, 'கடைசி சீட்'டுன்னு ஒருத்தன் இருக்கான். யாருன்னு தெரியல. அவனோட ஆடுனா மட்டும் மனசு லேசாவுது. பழைய ஆள பேர் சொல்லிக் கூப்ட்டு மறு ஆட்டம் ஆடறோமே, அதுக்கும் புள்ளி வெச்சா அவன் தெனமும் வருவான் இல்ல?"

தம்பிக்கு மனது லேசாகிறது என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. திங்கட்கிழமை போய் மறு ஆட்டத்துக்கும் புள்ளி உண்டு என்று மாற்றி எழுதினாள். யாரும் காரணம் கேட்கவில்லை.

இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த 'கடைசி சீட்'டின் ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

மற்றவர்களோடு ஆடிய பத்தில் ஏழு ஆட்டம் அந்த ஆள் ஜெயித்திருந்தார். அருளோடு ஆடிய இருநூற்றுப் பன்னிரண்டில் ஜெயித்தது ஒன்பது மட்டும். தோற்கும் விதமும் ஒன்றாகவே இருந்தது. கேரமில் சிவப்புக் காயைக் குழியில் போட்டால் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட வேண்டும். ஃபாலோ என்பார்கள். அது விழாவிட்டால் சிவப்பு குழியிலிருந்து எழுந்து மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். 'கடைசி சீட்' சிவப்பை அழகாகப் போடுவார். பிறகு, குழியின் வாயில் உட்கார்ந்திருக்கும் காயைத் தவறவிடுவார். ஊதினால்கூட விழும் காய். ஒவ்வொரு முறையும் அதே தவறு. சிவப்பு அருளுக்குப் போகும்.

ஊரெல்லாம் சுற்றி ஜெயித்துச் சேர்த்த புள்ளிகளை அந்த ஆள் ஒரே ஒருவனிடம் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். மறுநாள் மறுபடி சேர்த்தார். மறுபடி கொட்டினார்.

துர்கா ஆட்ட நேரங்களை வரிசையாகப் போட்டாள். காலை ஏழு பத்து. ஒன்பது இருபத்தைந்து. பன்னிரண்டு நாற்பது. மாலை ஆறு ஐம்பது. ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. வியாழக்கிழமைகளில் ஒன்றுமே இல்லை.

பன்னிரண்டு நாற்பது என்ற இடத்தில் அவள் கண் நின்றது.

பள்ளிக்கூட லீவு நாட்களில் அம்மா டிபன் கேரியரைக் கையில் கொடுத்துச் சொல்வாள். "பன்னெண்டு நாப்பதுக்கு வண்டி வரும். ஒரு மணிக்குக் கிளம்பிடும். ஓடு." பாவாடை தடுக்க, ரசம் தளும்ப, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியவள் அவள். வியாழக்கிழமை அப்பாவுக்கு ஓய்வு.

பதிவு செய்த போன் எண்ணைத் திறந்து பார்க்க அவளுக்கு அனுமதி இருந்தது. தேவை இருக்கவில்லை. இருந்தாலும் திறந்தாள். கடைசி நான்கு எண்கள் அவளுக்கு மனப்பாடம்.

பின்னால் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நிறுவனத்தை நடத்தும் ராஜசேகர்.

"இன்னா துர்கா, மூஞ்சி இப்பிடி இருக்குது? சர்வர் கிர்வர் படுத்துக்கிச்சா?"

அவள் அஸ்வினியின் கடிதத்தையும் ஆட்டங்களையும் காட்டினாள். யார் அந்த 'கடைசி சீட்' என்பதை மட்டும் சொல்லவில்லை. ராஜசேகர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எட்டாவது ஆளு உன் தம்பி இல்ல?"

"ஆமா சார்."

"பேஜாருதான்." அவர் தாடையைத் தடவினார். "ஒண்ணு பண்ணு. ரூல அடுத்த சீசன்லேர்ந்து மாத்திக்கலாம். இந்தத் தடவ உள்ளது உள்ளபடி போவட்டும். அந்தப் பொண்ணுக்கு நல்லபடியா ஒரு பதில் எழுதிடு. யாரு கேக்கப்போறா?"

"அவதான் கேட்டுட்டாளே சார்."

ராஜசேகர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்டின்னா நீயே முடிவு பண்ணு. அஞ்சரைக்குள்ள சொல்லு" என்று எழுந்து போனார்.

மணி பன்னிரண்டு இருபது. துர்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

* * *

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் வண்டி சரியாகப் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்து நின்றது. ஆட்கள் இறங்கி முடிந்ததும் துர்கா பின்வழியாக ஏறினாள். வீரமுத்து கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் திறக்காத சாப்பாட்டு டப்பா. கையில் போன். கட்டை விரல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

அவளைக் கண்டதும் போன் காக்கிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"இன்னா பாப்பா, இந்த நேரத்துல? சாப்ட்டியா?"

"யாரோட ஆடிக்கினு இருந்தப்பா?"

"சும்மா. டிரைவரு ஏத்திக் குடுத்தான். டைம் பாஸு."

"'கடைசி சீட்'டு நீதான."

வீரமுத்து டப்பாவின் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். பஸ்ஸுக்கு வெளியே ஒருவன் வெள்ளரிப் பிஞ்சைக் கூவி விற்றுக்கொண்டு போனான்.

"எப்டிக் கண்டுபுடிச்ச?"

"பன்னெண்டு நாப்பது. அம்மா டிபன் குடுத்து வுடற டைமு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவனுக்குத் தெரியுமா?"

ஐந்து வருடமாக அப்பா மகனின் பெயரைச் சொல்வதில்லை. அவன் என்றுகூடச் சொன்னதில்லை. இன்று சொன்னதைத் துர்கா கவனித்தாள்.

"தெரியாது."

"நல்லது." அவர் மூச்சு விட்டார். "டிப்போ ரெஸ்ட் ரூம்ல எல்லாப் பசங்களும் இதத்தான் தட்டிக்கினு இருந்தானுங்க. நானும் ஆடனேன். ஒரு நாளு எதிர்ல ஒருத்தன் வந்தான். பேரு 'ஊசிநூல்'. படத்தப் பாத்தா உங்கம்மாவோட தையல் மெஷினு. கைச்சக்கரம் ஒடைஞ்சப்ப நான் சுத்துன செவப்பு ஒயரு அப்டியே இருக்குது பாப்பா. எங்க அடிக்கிறேன்னே தெரியல. அன்னிக்கு நெசமாவேதான் தோத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஜெயிக்க மனசு வரல."

"பேசியிருக்கலாம் இல்லப்பா?"

"பேச முடியல பாப்பா." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னார். "தோக்க முடியுது."

முன்பெல்லாம் அவர் திண்டிவனம் டிரிப் முடிந்து வரும்போது காக்கிப் பையில் தோலோடு வேகவைத்த மல்லாட்டைக் கடலை இருக்கும். வாசலில் நிற்கும் அருளின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் கொட்டுவார். இருநூற்று மூன்று தோல்விகளும் துர்காவின் கண்ணுக்கு அப்படியே தெரிந்தன. அழக்கூடாது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருக்கிற நேரம் பதினான்கு நிமிடம்.

அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். வரிசை எப்படி ஏறும், எப்படி இறங்கும். எட்டுப் பேருக்குத்தான் மேடை. ஒன்பதாவதாக ஒரு பெண், மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில்.

"நான் தோத்தா எம் பேருதானே கீழ போவுது?" வீரமுத்து புரியாமல் கேட்டார். "மத்தவங்களுக்கு அதுல இன்னா நஷ்டம்?"

"உம் பேரு கீழ போவுதுப்பா. அந்தப் புள்ளி தம்பிக்குப் போவுது. தம்பி மேல ஏறி உக்கார்ற எடம் அந்தப் பொண்ணோடது."

முன்வழியில் ஒரு ஆள் வெளியே நின்றபடியே ஜன்னலுக்குள் துண்டைப் போட்டு இரண்டு பேர் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் குழந்தையோடு ஏறிவந்த ஒரு அம்மா துண்டைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள்.

"யாருய்யா அது துண்டு?" வீரமுத்துவின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "ஏறி நிக்கிறவங்களுக்குத்தான் சீட்டு. எடுய்யா. எம்மா, நீ உக்காரு."

துண்டு மறைந்தது. அந்த அம்மா உட்கார்ந்தாள். வீரமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவத்தாறு வருஷமா இத சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் மெதுவாக. "எம்புள்ளைக்கு நானே துண்டு போட்டு வெச்சிருக்கேன் பாரு."

"அப்பா..."

"எழுப்பி வுடு பாப்பா. அந்தப் பொண்ணு உக்காரட்டும்."

"அவன் இன்னிக்கு ஆறு அம்பதுக்கு உன்ன பாக்க வர்றான்ப்பா. லிஸ்ட்ட காட்டணும்னு வெள்ளச் சட்ட இஸ்திரி போட்டு வெச்சிருக்கான்."

வீரமுத்துவின் கையிலிருந்த விசில் நழுவி மடியில் விழுந்தது.

"நான்தான்னு சொல்லாத. எம் மூஞ்சில முழிக்காதன்னு சொன்ன வாய் இது." பிறகு, கேட்கவே முடியாத குரலில் சொன்னார். "உங்கம்மா எனக்கும் அடிச்சா."

"இன்னாது?"

"அன்னிக்கு. மூணு கால். முகூர்த்த நாளு, வண்டியில மூச்சு வுட எடமில்ல. போனு பையில அடிச்சிக்கினே இருந்தது. எதுக்கு உயிர எடுக்கறான்னு எடுக்கல. விக்கிரவாண்டி தாண்டித்தான் பாத்தேன்." அவர் உதடு கோணியது. "எல்லார் எதுர்லயும் அவன மட்டும் கொலகாரன்னு சொன்னேன். எனக்குந்தான் அடிச்சா உங்கம்மான்னு இந்த நிமிஷம் வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொல்லாம எப்டி அவனோட பேசறது? சொல்லிட்டு எப்டி அவன் மூஞ்சிய பாக்கறது?"

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். மணி ஒன்று.

"எறங்கு பாப்பா. வண்டி எடுக்கணும்." அவர் விசிலை எடுத்துத் துடைத்தார். "இனிமே தோக்க மாட்டேன். அத மட்டும் சொல்றேன்."

அவள் இறங்கினாள். வண்டி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கிளம்பியது.

* * *

ஐந்து மணிக்குத் துர்கா அதைச் செய்து முடித்தாள்.

தம்பியின் ஆட்டங்களை மட்டும் அழிக்கவில்லை. அப்படி அழித்தால் அதுவும் ஒரு ஓரவஞ்சனைதான். மறு ஆட்டம் எதற்கும், யாருக்கும் புள்ளி கிடையாது என்று எழுதினாள். சீசனின் முதல் நாளிலிருந்து எல்லோருடைய எண்ணும் மறுபடி எண்ணப்பட்டது. திரையில் பெயர்கள் மேலும் கீழுமாக நகர்ந்தன. ஏதோ ஒரு பெரிய ஸ்டேஷனில் ரயில்கள் தடம் மாறுவதுபோல, சத்தமே இல்லாமல்.

அஸ்வினி ஏழாவது இடத்தில் வந்து நின்றாள்.

'ஊசிநூல்' எட்டைத் தாண்டிப் பத்து, பத்தொன்பது என்று இறங்கி, முப்பத்து நான்கில் நின்றது.

எட்டாவது இடத்துக்கு வந்த பெயரைப் பார்த்துத் துர்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கடைசி சீட்.

அவர் வேண்டுமென்றே இழந்த அத்தனை புள்ளியும் அவரிடமே திரும்பிப் போயிருந்தன. வீரமுத்து உண்மையாகவே நல்ல ஆட்டக்காரர். அதை அவள் யோசிக்கவே இல்லை.

ராஜசேகர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "தோத்துக் குடுத்தவன் எட்டாவதா? இது இன்னா கூத்து? அவனத் தூக்கு!"

"முதல் தடவ தண்டன கிடையாது, ஆட்டம் மட்டும்தான் செல்லாதுன்னு நாமதான் சார் எழுதி வெச்சோம். இன்னிக்கு எனக்குப் புடிக்கலன்னு மாத்த முடியுமா?"

"உனக்கு ஏம்மா புடிக்கல? உனக்கு அவன் யாரு?"

துர்கா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியாக, மறு ஆட்டத்துக்கான பொத்தானின் கீழ் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் கிளம்பினாள். ஆறு மணிக்குப் பட்டியல் வெளியானபோது அவள் ரயிலில், மயிலம் பக்கத்து வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருளிடமிருந்து போன் வரவில்லை.

* * *

அவள் வீட்டுக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். அருள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான் போடாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போன் தரையில் கிடந்தது.

"நீ வர்ற வரைக்கும் இருக்க முடியல. தொறந்துட்டேன்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீதான் பண்ணியா?"

"நான்தான்டா."

"சரி." அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ தப்பு பண்ண மாட்ட. ஆட்டங்கள நானும் பாத்தேன். குழி மேல இருக்கற காயி. கண்ண மூடிக்கினு அடிச்சாலும் வுழும். அத வுட்டிருக்கான். எனக்கு எப்டித் தெரியாமப் போச்சி?"

"அருளு..."

"எடம் போனது பெருசில்லக்கா. அவன் ஒருத்தன்தான் என்ன ஒரு ஆளா மதிச்சி ஆடறான்னு நெனச்சிக்கினு இருந்தேன். எதுக்குப் பிச்ச போட்டான்? கடைசில பாரு, எட்டுல அவன் பேரு. பாண்டிக்கு வருவான் இல்ல? அங்க போயி அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்."

துர்கா வாயைத் திறந்தாள். சொல்லாதே என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள். அம்மா அப்பாவுக்கு அடித்த அந்த மூன்று போனும் உள்ளேயே இருந்துவிட்டன.

தரையில் போன் அதிர்ந்தது. 'கடைசி சீட் உங்களை ஆட்டத்துக்கு அழைக்கிறார்.'

அருள் அதை முறைத்துப் பார்த்தான். பிறகு எடுத்து அழுத்தினான்.

அந்த ஆட்டத்தைத் துர்கா தம்பியின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். யாரும் எதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. அருள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். ஒவ்வொரு காயாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பலகையில் சிவப்பும், இருவருக்கும் ஒவ்வொரு காயும் மிஞ்சின. அடி எதிராளியுடையது. சிவப்பு ஓரத்தில் மோதித் திரும்பிக் குழிக்குள் போனது.

அடுத்து ஃபாலோ. குழிக்கு வெகுதூரத்தில், கோட்டை ஒட்டிக் கிடந்த காய். ஸ்ட்ரைக்கர் வெகுநேரம் இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருந்தது.

பிறகு அடித்தது. காய் நேராகப் போய் விழுந்தது.

அருள் தோற்றுவிட்டான். போனை மடியில் வைத்தான்.

"இதான்க்கா ஆட்டம்." அவன் கண் நிறைந்திருந்தது. "ஆரம்பத்துலேர்ந்தே இப்டி ஆடியிருந்தா இன்னா..."

பட்டியலின் எண்களை வெறுப்போடு தள்ளிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு எட்டு. "கிளம்பிடுவான் இப்ப. எப்பவுமே ஏழு பத்துக்கு மேல இருக்கவே..."

பாதியில் நிறுத்தினான்.

துர்கா அவனைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானுக்குப் போன அவன் கை அங்கேயே நின்றுவிட்டது மட்டும் தெரிந்தது. பஸ் ஸ்டாண்ட் அவர்கள் வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை.

"அக்கா." அவன் குரல் மெல்ல வந்தது. பத்து வயதுப் பையனுடைய குரல் அது. "மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னாரு இல்ல? அப்ப எதுக்கு..."

கடிகாரம் ஏழு பத்தைக் காட்டியது. இருபத்தாறு வருடத்தில் அப்பாவின் வண்டி ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கிளம்பியதில்லை என்பதை இருவரும் அறிவார்கள்.

ஏழு பத்து தாண்டியது. பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. யாரோ பொறுமையிழந்து விட்டுவிட்டு அடிக்கும் ஹாரன்.

ஏழு பன்னிரண்டுக்குப் போன் அவன் மடியில் மறுபடி அதிர்ந்தது.

'கடைசி சீட் மறு ஆட்டம் கேட்கிறார்.' அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், துர்கா மாலையில் எழுதிய வரி: 'இந்த ஆட்டத்துக்குப் புள்ளி கிடையாது.'

அழைப்பை ஏற்பதற்கான முப்பது நொடிகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. அருள் பொத்தானை அழுத்தவும் இல்லை, போனைக் கீழே வைக்கவும் இல்லை. வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. வண்டி இன்னும் கிளம்பவில்லை.